ஜன்னலோர நாற்காலி

நாற்காலியை நகர்த்தியது என் அண்ணன் மகன்தான்.

விசாரணை தொடங்க இன்னும் நேரம் இருந்தது. கூடத்தில் நாங்கள் இருவரும் தட்டச்சுக்காரப் பெண்ணும் மட்டும். அவனே எழுந்து போய், ஜன்னலோரம் கிடந்த சாட்சி நாற்காலியைத் தூக்கி மேசைக்கு மறுபக்கம் போட்டான்.

“அங்க உக்காந்தா முதுகுல வெயில் காயும், சித்தப்பா. பாவம், வயசானவர்” என்றான்.

தன்மேல் புகார் கொடுத்தவரின் முதுகுக்காக இரக்கப்படுகிற பிள்ளை. எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி. நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எதிர்ச் சுவரில் அண்ணனின் படம் இருந்தது. காவலர் தகுதி வாரியத்தின் முதல் தலைவர் அவர். யார் சீருடை போடலாம், யாரிடமிருந்து அதைக் கழற்றி வாங்க வேண்டும் என்று முடிவு செய்கிற வாரியம். அந்தப் படத்துக்குக் கீழேயே அவர் பெற்ற பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அதுவும் பேருந்து நிலைய வாசலில் மாற்றுச்சாவி செய்து விற்கிற ஒருவரின் பேச்சைக் கேட்டு.

அறைந்தானாம். இடது காது போய்விட்டதாம்.

மருத்துவர் சான்றின் பிரதி எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தது. காது போனது உண்மை. யார் கை பட்டுப் போனது என்று அதில் இல்லை. நேரில் பார்த்தவர்களும் இல்லை. சாவிக்காரர் வாயால் சொல்வது ஒன்றுதான் வழக்கு. அது எடுபட்டால் எங்கள் பையன் ஆயுளுக்கும் சீருடை போட முடியாது.

அந்த ஆளைத் தொடவே இல்லை என்று செத்துப்போன அப்பாமேல் சத்தியம் செய்தான் அவன். எங்கள் வீட்டில் அதற்குமேல் பேச்சு கிடையாது.

சாவிக்காரர் வந்தார். சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். நாற்காலி காட்டினார்கள், உட்கார்ந்தார். தட்டச்சுக்காரப் பெண் அவருக்கு நேர் எதிரே இருந்தாள். வாரிய உறுப்பினர்கள் பக்கவாட்டில், மேடைமேல்.

இப்போதைய தலைவர் மெல்லப் பேசுகிறவர். தலைக்குமேல் மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

எந்தக் கையால் அடித்தார் என்று கேட்டார் தலைவர்.

சாவிக்காரர் எதிரில் இருந்த பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னார் தலைவர்.

அடித்தபோது அந்த இடத்தில் எவ்வளவு நேரமாக இருந்தீர்கள் என்று அடுத்த கேள்வி. ரொம்ப வருஷமா அதே இடம்தாங்க என்றார் சாவிக்காரர். ஊரில் இருக்கிற பூட்டையெல்லாம் திறக்கிறவர் தன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாரே என்றார் ஓர் உறுப்பினர். கூடம் சிரித்தது.

நானும் சிரித்தேன்.

அடுத்த கேள்விக்கு அவர் கழுத்தை மட்டும் அல்ல, உடம்பையே திருப்பினார். மேடையை நோக்கி வலது காதைக் கொண்டுவரப் பார்த்தார்.

“நேரா உக்காருங்க” என்று அதட்டினார் அந்த உறுப்பினர்.

அவர் நேராக உட்கார்ந்தார். மேடைப் பக்கம் மறுபடியும் இடது காது.

மின்விசிறிக் காற்றில் ஜன்னல் திரை எழும்பியது. வெளியே, கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில், பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பாசி படிந்து கறுத்திருந்தது. கட்டிய நாளிலிருந்து அந்த ஜன்னலில் வெயில் விழுந்திருக்க வழியில்லை.

நான் அண்ணன் மகனைத் திரும்பிப் பார்த்தேன்.

அவன் சாவிக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் காதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செத்த காதையே இரண்டாம் முறை அடித்திருக்கிறான். எல்லார் முன்னிலையிலும், இரக்கம் என்று பேர் வைத்து. அதைப் பார்த்து என்னைப் பூரிக்கவும் வைத்திருக்கிறான்.

வேறு கேள்வி இல்லை, முடித்துக்கொள்ளலாமா என்று தலைவர் இரு பக்கமும் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன்.

உட்காருங்கள் ஐயா, எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரம் என்றார் தலைவர். அண்ணனின் படத்துக்காக எனக்குக் கிடைக்கிற மரியாதை அது. இத்தனை வருடமும் அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டவன்தான் நான். இன்றைக்கு வேண்டியிருக்கவில்லை.

நேரே போய்ச் சாவிக்காரரின் தோளைத் தொட்டேன். அவர் பதறி எழுந்து கும்பிட்டார். தன்னைத் திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

பழைய காலத்து மர நாற்காலி, நல்ல கனம். பிடிக்க ஓடிவந்த பணியாளரைத் தள்ளி நிற்கச் சொன்னேன். தூக்க முடியவில்லை. தரை கிறீச்சிட, மேசையைச் சுற்றி இழுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் போட்டேன். சாவிக்காரரை அதில் உட்காரவைத்தேன். அவருடைய வலது காது மேடைப் பக்கம் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

“இப்ப கேளுங்க” என்றேன்.

தலைவர் முதல் கேள்வியையே கேட்டார். அதே மெல்லிய குரலில்தான்.

“வலது கைங்க” என்றார் சாவிக்காரர், கேள்வி முடிவதற்குள்ளேயே.

அந்தப் பெண்ணின் விரல்கள் தட்டச்சுப் பொறிமேல் ஓடத் தொடங்கின.

“சித்தப்பா.” என் இடப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. மறுபடியும் வந்தது, இன்னும் கொஞ்சம் உரக்க.

எனக்கு அந்தப் பக்கத்துக் காது கேட்கவில்லை.