சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு பாட்டு

குளியலறையில் கணவர் பாட ஆரம்பித்ததும் தையல்காரி கதவைத் தட்டினாள். "காது கிழியுது, நிறுத்துங்க!"

வீட்டுக்குள் ஒன்று போதாதென்று சுவருக்கு அந்தப் பக்கமும் ஒன்று. புதிதாகக் குடிவந்த பெரியவர், "தண்ணி வேணும் கண்மணி" என்று மனைவியிடம் ராகம் போட்டுத்தான் கேட்பார். அந்த அம்மாளும் ராகத்திலேயே பதில் சொல்வாள். இந்த வயதில் இப்படி ஒரு கொஞ்சல்!

மாலையில், தைத்த ஜன்னல் திரையை அந்த அம்மாளிடம் கொடுக்கப் போனவள் கேட்டே விட்டாள். "தப்பா நினைக்காதீங்கக்கா. உங்க வீட்டுக்காரர் சாதாரணமா பேசவே மாட்டாரா?"

"பக்கவாதம் வந்துச்சும்மா. மூளையில இடது பக்கம், பேச்சுக்கான இடம் செத்துப்போச்சு. பேச முயற்சி பண்ணினா ஒரு வார்த்தைகூட வராது. ஆனா பாடுறதுக்கு வலது பக்கமும் துணைக்கு வருமாம். அது பிழைச்சுக்கிச்சு. அதனால, சொல்ல வேண்டியதைப் பாடிப் பழகச் சொன்னார் டாக்டர்."

அம்மாள் சிரித்தாள். "நல்லவேளை, அந்தக் காலத்துல வாயை மூடுங்கன்னு நான் எத்தனை தடவை திட்டியும் மனுஷன் பாடுறதை விடலை."

மறுநாள் காலை குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. தையல்காரி போய்க் கதவைத் தட்டினாள்.

"நான் இன்னும் பாடவே இல்லையே!" என்றது உள்ளிருந்து பயந்த குரல்.

"அதான் தட்டினேன். பாடுங்க."