ஈட்டியை ஏற்றிப் போன படகு

திமிங்கிலம் பிடித்துச் சாப்பிட்டுப் பிழைத்த தீவு அது. திமிங்கில வேட்டைக்குத் தடைச்சட்டம் வந்த நாளிலிருந்து வேட்டை ஈட்டி ஒரு குடிசைச் சுவரில் தொங்கியது. இனி மீன் பிடித்துப் பிழைக்கட்டும் என்று அதிகாரி ஒரு நைலான் வலை கொடுத்தார். அது ஈட்டிக்குக் கீழே குவிந்து கிடந்தது.

"நீ எத்தனை உயிரைக் குடிச்சிருப்பே, அண்ணே?" என்று வலை கேட்டது.

"வருஷத்துக்கு ரெண்டு. ஊரே சாப்பிட்டுது. குட்டியோட வர்ற தாயைக் கண்டா மட்டும் படகைத் திருப்பிடுவாங்க."

"நான் இதுவரைக்கும் யாரையும் குத்தினதே இல்லை" என்றது வலை.

ஒரு நாள் காலையில் இழுத்தபோது வலை கனத்தது. உள்ளே ஒரு திமிங்கிலக் குட்டி மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்தது. தாய் கரைவரை பின்னாலேயே வந்தது.

வலை குடிசைக்குத் திரும்பியதும், "என்னடா பண்ணினே?" என்றது ஈட்டி.

"நான் சும்மாதான் கிடந்தேன், அண்ணே. அதுவா வந்து மாட்டிக்கிச்சு."

தொட்டால் ஜெயில். அதனால் பசித்த ஊரின் கண்ணெதிரே அவ்வளவு இறைச்சியும் அழுகியது. நாலாம் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த அதிகாரி, குடிசைக்குள் ஈட்டியைப் பார்த்துவிட்டார்.

"இதோ ரத்தம்!"

"அது துருங்கய்யா" என்றாள் குடிசைக்காரி. "குட்டி நீங்க குடுத்த வலையிலதான் செத்துச்சு."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வீங்க."

ஈட்டியைச் சாக்கில் சுற்றிப் படகில் ஏற்றினார். போகும் வழியில் வலை மறுபடி கடலில் விரிந்திருந்தது. அதற்கு அப்பால் தாய் இன்னும் குட்டியைத் தேடிக்கொண்டிருந்தது.

"போயிட்டு வா, அண்ணே" என்றது வலை.

அது கிழிந்துவிடக் கூடாதே என்று அதிகாரி படகை மெதுவாக வளைத்து ஓட்டினார்.