தகரக் கழுத்து

நாச்சாளின் கண்ணில் முதலில் பட்டது தகரம்தான்.

சீராக வந்த பீங்கான் ஜாடி விளக்கு அது. அவள் அப்பச்சி பினாங்கில் வெள்ளைக்காரன் வீட்டு ஏலத்தில் எடுத்து, மகள் கல்யாணத்துக்கு வைத்தது. வெள்ளை உடம்பு, நீலப் பூ, கழுத்தில் பளபளவென்று பித்தளை. காளியப்பன் இப்போது திருப்பிக் கொண்டு வந்ததில், பித்தளை இருந்த இடத்தில் பால் டின்னை வெட்டி ஒட்டிய தகரம் பல்லை இளித்தது.

"பித்தளை எங்க காளியப்பா?"

"வெடிச்சுப் போச்சு ஆச்சி. ஒட்ட வரல. தூக்கிப் போட்டுட்டேன்."

பொய் சொன்னாலும் கொஞ்சம் பொருத்தமாகச் சொல்லக் கூடாதா என்று அவளுக்கு எரிந்தது.

காளியப்பன் ரப்பர் தோட்டத்து எஞ்சின் வீட்டில் வேலை பார்த்தவன். ஜப்பான்காரன் வந்து தோட்டம் படுத்த பிறகு, யோங் பெங் கடைத்தெருவில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து விளக்கு பழுது பார்த்தான். மண்ணெண்ணெய் கண்ணில் படாத காலம். எல்லா வீட்டிலும் தேங்காயெண்ணெய்தான். அது கெட்டி. ஆழமான கிண்ணத்திலிருந்து திரியில் ஏறாது. மேலாக ஒரு சின்னக் கிண்ணம் பொருத்திக் கொடு என்றுதான் நாச்சாள் விளக்கை அவனிடம் கொடுத்திருந்தாள்.

கொடுத்த சமயத்தில்தான் ஜப்பான்காரன் வீடு வீடாகப் பித்தளை வசூலுக்கு வந்தான். குத்துவிளக்கு, அண்டா, பூசை மணி எல்லாம் போயிற்று. ஒரு துண்டு ஒளித்து வைத்தாலும் தலை இருக்காது என்று தண்டோரா. சீர் விளக்கு மட்டும் காளியப்பன் கையில் இருந்ததால் தப்பித்தது. அந்தச் சந்தோஷத்தை நாச்சாள் பக்கத்து வீட்டு ராஜம்மாவிடம் சொன்னாள், கீரை விற்கும் சீனத்தியிடம் சொன்னாள், சந்தையில் ஒருவரை விடவில்லை.

தப்பித்த லட்சணம் இது.

"தகரம்தான் போட்டே. கனத்துக்கு உள்ள களிமண்ணை அடைச்சியாக்கும்?" என்றாள், விளக்கைத் தூக்கிப் பார்த்து.

காளியப்பன் விளக்கை அவள் கையிலிருந்து பதனமாக வாங்கிக் கீழே வைத்தான். சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னான்.

"கொஞ்ச காலத்துக்கு இந்த வெளக்கு குளிர்ந்தே இருக்கட்டும் ஆச்சி."

நாச்சாள் வீட்டில் விளக்கை 'அணை' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அபசகுனம். 'குளிர வை' என்றுதான் சொல்வார்கள். விளக்கு குளிர்ந்தே இருக்கட்டும் என்றால், வீடே இருண்டு கிடக்கட்டும் என்றுதானே அர்த்தம்? திருடினதும் இல்லாமல் வாசலில் நின்று சாபம் வேறு விட்டுவிட்டுப் போகிறான்.

புருஷன் உலகப்பன் வந்ததும் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள்.

உலகப்பனுக்கு வீரம் வருவது அபூர்வம். தன்னைவிட இளைத்தவன் அகப்பட்டால் வரும். முச்சந்தியில் நிற்கும் ஜப்பான் காவல்காரனுக்குத் தினமும் தலை தரையில் இடிக்கிறாற்போல் கும்பிடு போடுகிறவர், அன்றைக்கு நிமிர்ந்து நடந்து ஸ்டேஷனுக்கே போனார். பித்தளையைத் துரைகளிடம் ஒப்படைக்கலாம் என்று தாம் ஆசையாக வைத்திருந்ததாகவும், இந்தப் பயல் அதை விழுங்கிவிட்டதாகவும் புகார் கொடுத்தார். சொல்லும்போது குரல்கூடத் தழுதழுத்ததாம்.

காளியப்பனை முச்சந்திக்கு இழுத்து வந்தார்கள். சாமான் பெட்டியைக் கவிழ்த்தார்கள். பித்தளை எங்கே என்று ஒவ்வொரு அறைக்கும் ஒரு தடவை கேட்டார்கள்.

"வித்துத் தின்னுட்டேன் தொர."

யாரிடம் விற்றாய் என்றதற்கு வாயே திறக்கவில்லை. மண்டியிட வைத்து, தலைக்கு மேல் ஒரு பாறாங்கல்லைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். கல் இறங்கினால் துப்பாக்கிக் கட்டை இறங்கும்.

வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நாச்சாள் முன்வரிசை.

"என் வீட்டு வெளக்கா குளிரணும்னே? இப்ப நீ காய்."

அவன் ஒரு தடவை அவளைப் பார்த்தான். அவ்வளவுதான்.

விளக்கையும் பார்த்துவிடலாம் என்று ஒரு சிப்பாய் துபாஷியோடு, புருஷனையும் பெண்டாட்டியையும் முன்னால் நடக்கவிட்டு வீட்டுக்கு வந்தான். வீடு முழுக்கப் பித்தளை தேடினான். அகப்படவில்லை. கடைசியில் விளக்கின் கழுத்தைத் துப்பாக்கி ஈட்டியால் தட்டினான். 'டொக்' என்றது. சிரித்துவிட்டு, "பகேரோ" என்று திட்டினான்.

"இந்தக் குப்பைக்கா ஸ்டேஷன் ஏறினீங்கன்னு கேக்கறாரு, செட்டியாரே" என்றான் துபாஷி. இருவரும் போய்விட்டார்கள்.

குப்பை என்ற வார்த்தை நாச்சாளுக்குப் பொறுக்கவில்லை. தகரத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து, சின்னத் தகரக் கிண்ணத்தோடு கையில் வந்தது.

ஜாடிக்குள்ளே ஒரு துணி மூட்டை.

பிரித்தாள். பழைய கிண்ணம், கழுத்து வளையம், பர்னர், திரி ஏற்றும் திருகு. ஒன்று குறையாமல், ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடாதபடி தனித்தனியாகச் சுற்றி. புளி போட்டு விளக்கிய பித்தளை பளபளவென்று மின்னியது.



"இந்தாங்க, அவன் திருடலைங்க" என்றாள். "ஓடிப் போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல? பித்தளை எங்க வீட்டுலதான் இருக்குன்னா?"

சன்னல் வழியே முச்சந்தி தெரிந்தது. கல் இன்னும் தலைக்கு மேலேதான் இருந்தது. கைகள் ஆடிக்கொண்டிருந்தன.

உலகப்பன் மூட்டையை அவசர அவசரமாக ஜாடிக்குள் திணித்தார். தகரத்தைப் பழையபடி கழுத்தில் வைத்து அழுத்தினார்.

"சன்னலைச் சாத்து நாச்சா" என்றார் மெதுவாக. "வெளக்கு குளிர்ந்தே இருக்கட்டும்."