முதலில் கிழக்கு

'1927 செப்டம்பர் 16, வெள்ளி. ஒரு சிறு பிழை. நிலப்படக் கட்ட எண்ணில் கிழக்குத் தொலைவுதான் முதலில் வரும். நான் அதை வடக்கு என்று எடுத்து அட்சரேகை, தீர்க்கரேகை கணித்துவிட்டேன்.'

நாட்குறிப்பில் இதை எழுதியதும் ஞானசிகாமணி பக்கத்து வீட்டுக்கு ஓடினான். ஈராக்கில் பஸ்ரா சண்டையில் இறந்த மகன் மீரானை அடக்கிய இடமென்று ஆமினா உம்மாளுக்குப் பட்டாளம் அனுப்பியது ஒரு கட்ட எண் மட்டுமே. மாலை வகுப்பில் நில அளவை படிக்கும் அவன்தான் அதைக் கணக்கிட்டு, அந்த இடம் கடலில் என்று சொல்லியிருந்தான்.

உம்மாள் பூவோடு எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"உம்மா, கணக்கு தப்பிப்போச்சு. மீரான் கடல்ல இல்ல. பேரீச்சந்தோப்புப் பக்கம், தரையிலதான் அடக்கியிருக்காவ."

அவள் மகிழ்வாள் என்று நினைத்தான். அவள் பூவைக் கீழே வைத்தாள்.

"கடலுண்ணுல்லா மக்கா சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன் உம்மா."

"வெள்ளிக்கிழமைதோறும் குளச்சல் கடக்கரையில போயி, தண்ணியில கைய வச்சி யாசீன் ஓதுவேன். அவனத் தொட்ட மாதிரி இருக்கும். தரைக்கு நான் எப்படிப் போவேன்? தப்பாச் சொன்னவன் அப்படியே விட்டிருக்கப்படாதா?"

வீடு திரும்பியவன் நாட்குறிப்பில் இன்னொரு வரி சேர்த்தான்:

'நாளை: அந்தத் தோப்பை ஒட்டி ஆறு ஏதாவது ஓடிக் கடலில் சேர்கிறதா என்று படத்தில் பார்க்க வேண்டும்.'