மாமன் கை மாலை

“மாமா என் தங்கச்சிக்கு மாலை போடக் கூடாது.”

ஒருநாளும் சபையில் பேசாதே என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்ததைத்தான் தேன்மொழி பூப்புச் சடங்கு மேடையிலேறிப் பேசினாள். தாய்மாமன் மாலையும் கையுமாக நின்றார்.

“நம்ம வீட்ல முதல் டிகிரி வாங்கினவ பேசுற பேச்சாடி இது?” என்றாள் பெரியம்மா.

“எனக்கும் இவர்தான் மாலை போட்டார். அன்னிக்கு ராத்திரி என்ன செஞ்சார்னு உங்களுக்கெல்லாம் தெரியும் பெரியம்மா. சீர் நின்னுடும்னு வாய மூடிக்கிட்டீங்க.”

அம்மா எழுந்து வந்து, தம்பி கையிலிருந்து மாலையைப் பிடுங்கிச் சின்னவள் கழுத்தில் தானே போட்டாள். தேன்மொழிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இத்தனை வருஷம் பயந்தது இவ்வளவுக்குத்தானா?

“அக்கா, எங்க போற?”

“போலீஸ் ஸ்டேஷனுக்கு. எனக்கு ஒரு இலை போட்டு வை, வந்து சாப்பிடுறேன்” என்று மண்டபத்துப் படியிறங்கினாள்.