பெட்டியில் இடமில்லை

நோயலீனின் கார் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் மெர்வ் அதைக் கோணியில் சுற்றி, ஷெட்டில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினார். கையில் ஒட்டிய மண்ணைத் துடைத்தார். அறுபத்தெட்டு வயதில், பெண்டாட்டிக்குத் தெரியாமல் அவர் ஒளித்து வைக்கும் முதல் பொருள் அது.

"ஷெட்டுல என்ன பண்றே மெர்வ்?"

"எலி இருக்கான்னு பார்த்தேன்."

"இருந்துச்சா?"

"இருக்கு. பெரிய எலி."

கோணிக்குள் இருந்தது ரொட்டி டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அந்த வீட்டில் எடுத்த போட்டோ, வீடியோ எல்லாம் அதற்குள் இருந்த ரெண்டு ஹார்ட் டிஸ்க்கில்தான் கிடந்தன. முக்கால்வாசி லாக்லன்.

லாக்லன் அவர்களுடைய ஒரே மகன். பர்னி துறைமுகத்திலிருந்து புறப்படும் படகில் போய், கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்துக்கொண்டிருந்தவன், இருபத்துமூணு வயதில் ஒருநாள் மேலே வரவில்லை. ஏழு வருஷம் ஆகிறது.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மதியச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து டிவியில் அவனைப் பார்ப்பார்கள். நோயலீன் மடியில் ஒரு குஷனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் இருப்பாள். அவளுக்கு அது மருந்து என்று மெர்வ் நினைத்தார். தனக்கென்றால் ரெண்டாவது வருஷமே நிறுத்தியிருப்பார்.

போன மாதம் படகுக்காரன் டெஸ் வீட்டுக்கு வந்தான். "படகைச் சுத்தம் பண்ணேன் மெர்வ். தண்ணிக்குள்ள எடுக்கிற கேமரா ஒண்ணு கிடைச்சுது. லாக்லனோட கடைசி சீசன் முழுக்க அதுல இருக்கு. இடம் இருக்கா சொல்லு, கொண்டு வரேன்."

இடம் இல்லை. பெட்டி பல நாளாகவே நிரம்பிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மெர்வ் புதிதாக ரெண்டு டிஸ்க் வாங்கி, காலியாக இருந்த ரெண்டு பொந்திலும் சொருகினார்.

இனி கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வேலைதான். இருப்பதோடு புது இடத்தைச் சேர்ப்பது ஒரு வழி. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது இன்னொரு வழி. ரெண்டும் திரையில் மேலும் கீழுமாக இருந்தன. அவர் மேலே இருந்ததை அழுத்திவிட்டு பந்து உருட்டி விளையாடும் பௌலிங் கிளப்புக்குப் போனார்.

மதியம் வந்து பார்த்தால் பெட்டியில் இடம் ஏராளமாக இருந்தது. இடம் மட்டும்தான் இருந்தது.

அன்று காலை அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் ரிப்பேர் பார்க்கும் ஷெரிலிடம் ஓடினார். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"திரும்ப எடுக்க முடியாது. சும்மா அழுத்தினதுக்கெல்லாம் இது அழிக்காதே. பாஸ்வேர்டு கேட்குமே. நீங்க போட்டிருப்பீங்க."

"போட்டிருப்பேன்," என்றார் மெர்வ். போட்ட ஞாபகம் இல்லை. அவன் பிறந்த நாள்தான் பாஸ்வேர்டு, விரல் தானாகப் போட்டிருக்கும்.

அன்று மாலைதான் பெட்டியைக் கோணியில் சுற்றி ஷெட்டில் ஒளித்தது. முதல் ஞாயிறு, "பெட்டி ரிப்பேருக்குப் போயிருக்கு" என்றார். நோயலீன் தலையாட்டினாள். அடுத்த ஞாயிறு அவரே ஃபுட்பால் மேட்ச் பார்க்கக் கூட்டிப் போய்விட்டார். எப்போது வரும் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை போல் இருந்தது அவருக்கு.

இன்று மூன்றாவது ஞாயிறு. நோயலீன் பேக்கரியிலிருந்து வாங்கி வந்த, சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ரொட்டிகளை ரெண்டு தட்டில் வைத்தாள். மெர்வ் தன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நோயல், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பெட்டி ரிப்பேருக்குப் போகல. ஷெட்டுலதான் இருக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுல ஒண்ணுமே இல்ல. லாக்லன் இல்ல. கண்ணாடி போடாம தப்பா அழுத்திட்டேன். புள்ளைய ரெண்டாவது தடவை தொலைச்சிட்டேன்."

நோயலீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அழவில்லை.

"மூணு வாரமா இதையா மனசுல வச்சுக்கிட்டு இருந்தே?"

"எப்படிச் சொல்றது? அந்த வீடியோதானே உனக்கு உயிரு."

"எனக்கா?" அவள் குரல் இறங்கியது. "நீ பார்க்கணுமேன்னுதான் நான் கூட உட்கார்ந்திருந்தேன்."

ஏழு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளும் மெர்வின் நெஞ்சில் வந்து உட்கார்ந்தன. ஆனாலும் செய்தது செய்ததுதானே. ஏதாவது ஈடு செய்தாக வேண்டும் என்று தோன்றியது.

"டெஸ்கிட்ட அந்த கடைசி சீசன் வீடியோ இருக்கு. அதையாவது கொண்டு வரச் சொல்றேன். இப்பதான் இடம் இருக்கே."

"வேண்டாம்னு சொல்லிடு."

"ஏன்?"

"அவனைத் தண்ணிக்கு அடியில என்னால பார்க்க முடியாது மெர்வ். அது வந்தா ஞாயிறு தவறாம அதையும் போடுவே. நானும் உட்கார்ந்திருப்பேன்." அவள் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தாள். கையை நீட்டி அவர் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

"நீ சரியாத்தான் அழுத்தினே. நீ கிளப்புக்குப் போனப்புறம் அழிச்சது நான்."