இடது உள்ளங்கை

தேர்வு அறைகளில் பிட் அடிப்பவர்களைப் பிடிப்பதில் பேர் வாங்கிய ஞானப்பிரகாசம் சார், பக்கவாதம் வந்த பன்னிரண்டாம் நாள், தானே பிட் எழுதினார். அன்று டாக்டரம்மா அவருடைய ஞாபகசக்தியைச் சோதிப்பதாக இருந்தது. தேறினால் சொந்த வீட்டில் தனியாக இருக்கலாம். தவறினால் மகள் எஸ்தருடன் சென்னையில் பதினோராவது மாடி.

காலையிலேயே தேறிவிட்ட பக்கத்துக் கட்டில் இசக்கி கேள்வித்தாளை வெளியிட்டான். "அஞ்சு வார்த்த சொல்லுவாவ சார்வாள். பெறவு திருப்பிக் கேப்பாவ. குடை, பல்லி, மஞ்சள், கோபுரம், செருப்பு."

ஐந்தையும் அசைவற்றுக் கிடந்த இடது உள்ளங்கையில் எழுதி, கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா அதே ஐந்தைத்தான் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார். நான்கு வந்தன. ஐந்தாவதற்காக வலக்கையால் இடக்கையை மெல்லப் புரட்டப் போனார் ஞானப்பிரகாசம்.

"கை வலிக்கா சார்?" என்று டாக்டரம்மா அந்த இடக்கையைப் பிடித்ததும், பன்னிரண்டு நாளாக அசையாத விரல்கள் சட்டென்று மடங்கின.

"எஸ்தரக்கா, ஓடி வாங்க! அப்பா கைய மூடுதாவ!" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து இசக்கி கத்தினான்.

மகள் வந்து பார்த்து அழுதேவிட்டாள்.

"சோதனை கெடக்கட்டும் சார். இப்பம் விரிச்சுக் காட்டுங்க. நாளைக்கே உங்க வீட்டுக்கு அனுப்பிருதேன்" என்றார் டாக்டரம்மா.

"விரிங்கப்பா" என்றாள் எஸ்தர்.

ஞானப்பிரகாசம் மூடிய கையைப் பார்த்தார்.

"கொஞ்சம் தண்ணி குடு. கையக் கழுவிட்டு விரிக்கேன்."